கடைசி யாரு?

எந்தக் கடைக்குப் போனாலும் எங்கள் ஆபீஸ் அக்கா முதலில் கேட்கும் கேள்வி, "கடைசி யாரு?" என்பதுதான். அங்கே வரிசை என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. எங்கள் ஆபீசுக்குப் பக்கத்தில் இருந்த பேக்கரியில் மூன்று பேர் மூன்று திசையைப் பார்த்து நின்றுகொண்டிருப்பார்கள். ஒருவர் டீ குடித்து முடித்திருப்பார். ஒருவர் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருப்பார். இன்னொருவர் சும்மா மின்விசிறிக் காற்றுக்கு ஒதுங்கியவர். அக்கா மூன்று பேரையும் பார்த்துக் கேட்பார். மூவரும் திருதிருவென்று விழிப்பார்கள். யாராவது ஒருவர் பயந்துபோய்க் கையைத் தூக்கும்வரை அக்கா நகரமாட்டார். கடையில் ஈ காக்கை இல்லாத நாளிலும் இதே கேள்விதான். பேக்கரி பாய் தலையைத் தூக்காமலே, "மொதலும் நீதான், கடைசியும் நீதாம்மா. வா" என்பார்.

வில்லியனூரில் பம்புசெட் கடைக்கு மேலே, முதல் மாடியில் எங்கள் கம்பெனி. மொத்தம் பதினொரு பேர். அதில் ஏழு பேர் யாரோ ஒருவருடைய சிபாரிசில் வந்தவர்கள். நானும் அந்த ஏழில் ஒருவன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் வேண்டுமென்றே மறைத்தேன் என்பீர்கள். என் தாய்மாமனுக்குக் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் தொடங்கி எந்தெந்த ஆபீசில் எந்தெந்த மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குச் சம்பந்தி யார் என்பதுவரை அத்துப்படி. அவர் ஒரு போன் போட்டார். மறுநாள் காலை அரியாங்குப்பத்திலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டேன்.

முதல் நாளே அக்கா என்னிடம் வந்து, "தம்பி, இன்டர்வியூல ஒனக்கு முன்னாடி எத்தினி பேரு இருந்தாங்க?" என்று கேட்டார்.

"இன்டர்வியூ இன்னும் வைக்கலக்கா" என்றேன்.

அவர் சிரித்தார். கிண்டலாக இல்லை, நல்ல சிரிப்புதான். ஆனால் அன்று முழுக்க எனக்கு முதுகு அரித்துக்கொண்டே இருந்தது.

அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். வில்லியனூருக்குப் பக்கத்தில் கிறிஸ்தவப் பங்குக் கோயில் உள்ள ஒரு கிராமம். பழைய ஸ்கூட்டர் ஒன்று வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறமாட்டார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலில் கூட்டம் அலைமோதும் அல்லவா? ஒரு வருடம் அந்த ஊரின் பெரிய மனிதர் ஒருவர், ஏழெட்டுப் பேரைத் தாண்டி நேராகச் சாமியாரிடம் போய் மண்டியிடப் பார்த்திருக்கிறார். அக்கா விடவில்லை. "இன்னா மாமா, ஒங்க பாவம் அவ்ளோ அவசரமா?" என்று கோயில் முழுக்கக் கேட்கும்படி கேட்டிருக்கிறார். மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் சிரித்தது வாசல்வரை கேட்டதாம். பெரிய மனிதர் அந்த வருடம் பாவத்தோடே ஈஸ்டர் கொண்டாடினார்.

கல்யாண வீட்டுக்கு அவரோடு போனால் போச்சு. நம் பக்கத்தில் பந்தி என்றால் எப்படி? சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவர் மோருக்கு வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் எழுந்திருக்கும்போதே உட்கார்ந்துவிட வேண்டும். அக்காவோ மண்டபத்து வாசலில் நின்று, "கடைசி யாரு?" என்று கேட்பார். மணமகனின் சித்தப்பாவுக்கே அந்தக் கேள்வி புரியாது. அவரோடு போய் மூன்றாம் பந்தியில், பாயசம் தீர்ந்த பிறகு, ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு வந்தது எனக்கு நினைவிருக்கிறது. அவருக்கு அதில் வருத்தமே இல்லை. "முன்னாடி வந்தவங்க சாப்புட்டாங்க, அவ்ளோதானே" என்றார். எனக்குத்தான் எரிச்சல். உண்மையைச் சொன்னால், அவரோடு பழகுவது சுலபமில்லை.

எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே படங்களைச் சேமித்துவைக்கும் பெட்டி செய்கிறது. பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர், அதில் ஒரு பெரிய டிஸ்க். அந்த டிஸ்க்கிடம் ஒரே நேரத்தில் பல பேர் வந்து நிற்பார்கள். இப்போது எடுத்த படத்தை எழுதிவை என்று ஒரு புரோகிராம் கேட்கும். போன மாதப் படத்தைக் கொடு என்று இன்னொன்று கேட்கும். எல்லாவற்றையும் நகல் எடு என்று மூன்றாவது. இவர்களை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராக டிஸ்க்கிடம் அனுப்புகிற வேலையைச் செய்யும் புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். எங்கள் டிரைவரை முதலில் எழுதியவர் எப்போதோ துபாய்க்குப் போய்விட்டார். அதன் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அதில் ஆளுக்கு ஒரு கை வைத்திருந்தார்கள்.

கை வைத்தது என்றால் வேறொன்றுமில்லை, சிபாரிசுதான். முதலாளி ஒரு நாள் டெமோ காட்டும்போது திரை மெதுவாக வந்திருக்கிறது. உடனே, திரைக்கு வேண்டியதை வரிசையில் முதலில் விடு என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு குறிப்பு: "டெமோவுக்காக. அப்புறம் எடுத்துவிடவும்." யாரும் எடுக்கவில்லை. அடுத்து, "பெரிய டாக்டர் ரூம் கம்ப்யூட்டர், முதலில் விடவும்." அடுத்து, "சார் சொன்னார்." அடுத்து, "ட்ரஸ்டி வீட்டிலிருந்து பார்ப்பார், பார்த்துச் செய்யவும்." அதற்குக் கீழே ஒரு குறிப்பு வெறுமனே, "இதுவும்." எது என்று யாருக்கும் தெரியாது. அக்கா ஒரு நாள் உட்கார்ந்து எண்ணினார். மொத்தம் முப்பத்தெட்டு. டிஸ்க்கிடம் வருகிற எல்லாருக்கும் ஏதோ ஒரு சிபாரிசு இருந்தது. ஒரே ஒருவருக்கு மட்டும் இல்லை. அப்போதுதான் எடுத்த புதிய படம். அதை எழுதுவதை யாரும் நின்று பார்ப்பதில்லை, ஆகையால் அதற்காகப் பேச ஆளில்லை.

இப்படியே ஓட்டியிருப்போம். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் புதிய பதிப்பு வந்து கழுத்தைப் பிடித்தது. பழைய ஒற்றை வரிசைக்கெல்லாம் இனி இடமில்லை, பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர் எத்தனை இருக்கிறதோ அத்தனை வரிசை வைத்துப் புதிதாக எழுதிக்கொண்டு வா என்று அது கறாராகச் சொல்லிவிட்டது. எழுதாவிட்டால் பெட்டியே எழுந்திருக்காது. அந்த வேலையைச் செய்ய எங்கள் பதினொரு பேரில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு.

முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் எங்களுக்கும் கேட்டது.

"எம்மா, இத நீ முடிச்சிக் குடு. லீடு போஸ்ட்டு காலியாதான் கெடக்கு. இந்த வாட்டி ஒனக்குத்தான். நான் சொன்னா சொன்னதுதான்."

அக்கா, "சரி சார்" என்று மட்டும் சொன்னார். ஆனால் வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. டீம் லீட் என்ற அந்தப் பதவியை அவர் எவ்வளவு விரும்பினார் என்பதை அன்றுதான் பார்த்தேன். பதினோரு வருடமாக அங்கே இருந்தவர். இதற்கு முன்பும் இரண்டு தடவை அந்தப் பதவி காலியாகி, இதே வார்த்தை சொல்லப்பட்டிருந்தது. முதல் தடவை முதலாளியின் தங்கை மருமகன் வந்து உட்கார்ந்தார். கனடா விசா கிடைத்ததும் எழுந்து போனார். இரண்டாவது தடவை சென்னையிலிருந்து ஒருவர், கையில் ஒரு பெரிய இடத்துக் கடிதத்தோடு வந்தார். எட்டு மாதத்தில் அவருக்கு வில்லியனூர் பிடிக்காமல் போய்விட்டது. இரண்டு பேருக்கும் வேலை சொல்லிக்கொடுத்தது அக்காதான்.

அக்கா உடனே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர், "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா. நம்ம பெட்டிய அங்க எப்டி வச்சிருக்காங்கன்னு பாக்கணும்" என்றார்.

வில்லியனூரைத் தாண்டி ஒரு சின்ன ட்ரஸ்ட் ஆஸ்பத்திரி. எங்கள் பெட்டியில் புதிய படங்கள் அடிக்கடி காணாமல் போவதாக அங்கிருந்துதான் புகார் வந்துகொண்டிருந்தது. கம்பெனியிலிருந்து வந்திருக்கிறோம் என்று சொன்னால் நேராக உள்ளே விட்டிருப்பார்கள். அக்கா சொல்லவில்லை. எக்ஸ்ரே ரூமுக்கு வெளியே பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்து, "கடைசி யாரு?" என்றார். கையைத் தூக்கிய ஓர் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். யார் எத்தனை மணிக்கு வந்தார், யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார் என்று எழுத ஆரம்பித்தார்.

அந்த நோட்டை நான் பிறகு பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரே எடுக்கிறவரின் வீட்டு ஓனர், வந்தது பத்தரை, போனது பத்தரை. கொம்யூன் ஆபீஸ்காரர் மனைவி, அதேபோல. டாக்டர் வீட்டில் கார் ஓட்டுகிறவர், அதேபோல. ஒருவர் யார் பெயரையும் சொல்லாமல், "நான்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறார். அவர் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. எட்டு மணிக்கே வந்து நாலாம் நம்பர் டோக்கன் வாங்கிய ஒரு பெரியவர் மட்டும் பன்னிரண்டு மணிக்கும் பெஞ்சிலேயே இருந்தார். மண்ணாடிப்பட்டுப் பக்கம், கரும்பு வெட்டுகிறவர். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுவார், இருமி முடித்துச் சுற்றியிருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் சிரிப்பார்.

"ரெண்டு வாட்டி வந்துட்டுப் போனம்மா" என்று அக்காவிடம் சொன்னார். "படம் எடுக்கறாங்க. அப்பறம் படம் வுழலன்றாங்க. எம் படம் மட்டும் இன்னாத்துக்கு வுழ மாட்டேங்குது? நெஞ்சுல ஒண்ணும் இல்லன்னு அர்த்தமா?"

படம் ஏன் விழவில்லை என்பது அக்காவுக்குத் தெரியும்.

இந்த நேரத்தில்தான் என் மாமாவுக்குத் தெரிந்த ஒரு கம்பவுண்டர் என்னைப் பார்த்துவிட்டார். "அட, நம்ம அண்ணன் அக்கா பையனாச்சே! இங்க இன்னா பெஞ்சில? உள்ள வாங்க தம்பி, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்தார். நானும் எழுந்து உள்ளே போய்விட்டேன். யோசிக்கவே இல்லை, கால் தானாகப் போனது. ஏசியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்தேன். அக்காவின் நோட்டில் அதுவும் இருக்கிறது. "பன்னிரண்டு பத்து. நம்ம தம்பி."

பெரியவரைக் கடைசியில் ஒரு மணிக்குக் கூப்பிட்டார்கள். படம் எடுத்தார்கள். திரையில் பச்சை எழுத்தில், சேமிக்கப்பட்டது என்று வந்தது. எங்கள் பெட்டியின் லட்சணம் அது. படம் வரிசையில் நிற்கத் தொடங்கியதுமே சேமித்தாகிவிட்டது என்று சொல்லிவிடும். அது டிஸ்க் வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் முப்பத்தெட்டு சிபாரிசுகளும் மாறி மாறி அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். பத்தே நிமிடத்தில் கரண்டு போனது. யுபிஎஸ் இருந்தது, அதற்குள் பேட்டரிதான் இல்லை, ஆர்டர் போட்டிருக்கிறார்களாம். கரண்டு வந்தபோது பெரியவரின் படம் இல்லை.

பெரியவர் கோபப்படவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "முன்னாடி எத்தினி பேர வேணும்னாலும் வுடுங்கம்மா. பெரிய எடத்து ஆளுங்க, அவசரம் இருக்கும். ஆனா மூணு வாட்டிக்கு மேல மனுசன் வர மாட்டான். நான் போறன்" என்றார். அக்கா பஸ் நிறுத்தம்வரை பின்னாலேயே ஓடினார். பஸ் புறப்பட்டுவிட்டது. ஜன்னல் வழியாக ஊர்ப் பெயரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை முப்பத்தெட்டு சிபாரிசையும் ஒரே மூச்சில் அழித்தார். அழிக்கும்போது ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தார். "சார் சொன்னார். சரி, போ. ட்ரஸ்டி வீடு. போ. இதுவும். நீயும் போ." நான் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. ஐந்து வாரம் வேலை செய்தார். நாலு கோருக்கு நாலு வரிசை. நாலும் கடைசியில் ஒரே டிஸ்க் வாசலில்தான் வந்து சேர வேண்டும். அங்கே யார் முதலில் வந்தாரோ அவர் முதலில். முதலாளியின் திரையானாலும் சரி, பெரிய டாக்டரானாலும் சரி, பின்னால் போய் நிற்க வேண்டியதுதான்.

அதை அந்த ஆஸ்பத்திரியிலேயே சோதனைக்கு வைத்தோம். இரண்டு நாள் பிரமாதமாக ஓடியது. மூன்றாம் நாள், எக்ஸ்ரே எடுக்கிறவர் பழைய படங்கள் அத்தனையையும் நகல் எடுக்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அந்த நேரம் பார்த்து, பைக்கில் விழுந்து கால் உடைந்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படம் எடுத்தாயிற்று. டாக்டர் திரையைப் பார்க்கிறார், வெள்ளையாக இருக்கிறது. நகல் எடுக்கும் வேலை முதலில் வந்து முன்னால் நிற்கிறது, அது முடியும்வரை யாருக்கும் வழி கிடையாது. கால் மணி நேரம் அந்த மனிதர் கத்திக்கொண்டு கிடந்திருக்கிறார்.

முதலாளி அக்காவை எல்லார் முன்னாலும் கேட்டார். "யாரையும் முன்னாடி வுடாதன்னு எழுதி வச்சியே, கால் ஒடஞ்சவன் இன்னாம்மா பண்ணுவான்? அவனும் கடைசி யாருன்னு கேட்டுட்டு நிப்பானா?"

எங்கள் முதலாளி நியாயமாகப் பேசி நான் கேட்ட ஒரே தடவை அது. அதனால்தான் அக்காவுக்கு அது அப்படி வலித்தது. போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். அடுத்த இரண்டு நாளும் பேக்கரியில் அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஓரமாக நின்று, கொடுத்ததை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். பாய்க்கே தாங்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அம்மாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா? கடைசி யாருன்னு கேக்கவே இல்லியே" என்றார்.

மூன்றாம் நாள் அக்கா என் மேஜைக்கு வந்தார். நோட்டைத் திறந்து பெரியவரின் வரியில் விரலை வைத்தார்.

"தம்பி, முன்னாடி வுடறது தப்பு இல்ல. கால் ஒடஞ்சவன வுட்டுத்தான் ஆவணும். அந்தப் பெரியவரும் அதத்தான சொன்னாரு. ஒருத்தர எத்தினி வாட்டி தாண்டினோம்னு யாரும் எண்ணல பாரு, அதுதான் தப்பு."

அதையே எழுதினார். டிஸ்க்கிடம் வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு எண்ணிக்கை. அவசரமானவர் தாண்டிப் போகலாம். தாண்டும்போதெல்லாம், தாண்டப்பட்டவரின் எண்ணிக்கை ஒன்று ஏறும். மூன்று ஆகிவிட்டால் அதற்குமேல் அவரைத் தாண்ட யாராலும் முடியாது. அடுத்து டிஸ்க்கிடம் போவது அவர்தான். டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகுதான் திரையில் பச்சை எழுத்து வரும். அந்த மூன்று என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினார். "மூன்றுக்கு மேல் கூடாது. மண்ணாடிப்பட்டுக்குப் போய்விடுவார்." எங்கள் கம்பெனியில் இன்றும் புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, மண்ணாடிப்பட்டு என்பது ஏதோ மெமரியில் ஓர் இடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் அதை வைத்த அன்று, அக்கா ஸ்கூட்டரில் மண்ணாடிப்பட்டுப் பக்கம் போய் விசாரித்து, பெரியவரைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "நாலாவது வாட்டி வர மாட்டன்னுதான் சொன்னன். வூட்டு வாசல்ல வந்து நின்னா இன்னா பண்றது?" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். வந்ததும் அவரையும் பெஞ்சில் கடைசியாகத்தான் உட்காரவைத்தார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. படம் விழுந்தது. பெரியவர் திரையைப் பார்த்து, "இதான் நானா?" என்றார். டாக்டர் பார்த்துவிட்டு அன்றைக்கே மருந்து ஆரம்பித்தார். அக்கா வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இனி முதலாளியின் டெமோ. பெட்டியைப் பார்க்க ஒரு பெரிய அதிகாரி வருகிறார் என்றதும் முதலாளி அக்காவிடம் குழைந்தார். "என்னுது ஒண்ணு மட்டும் எப்பவும் மொதல்ல போற மாதிரி வச்சிடும்மா. ஒண்ணே ஒண்ணு."

"தாராளமா தாண்டிப் போங்க சார். மூணு வாட்டி."

"அடுத்து?"

"அடுத்து நில்லுங்க சார்."

டெமோவில் முதலாளியின் திரை இரண்டு வினாடி நின்றது. முதலாளிக்கு வியர்த்துவிட்டது. அதிகாரி கவனிக்கவில்லை, அவர் போனில் தன் மகளின் காலேஜ் சீட்டுக்கு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். ஆர்டர் வந்தது. ஒன்றல்ல, ஏழு ஆஸ்பத்திரிகளுக்கு. கம்பெனியே அக்காவைக் கொண்டாடியது. அடுத்த வெள்ளிக்கிழமை லீட் யார் என்று முதலாளி அறிவிப்பார் என்றார்கள். அக்கா அந்த வாரம் ஒரு புதுப் புடவை எடுத்திருந்தார்.

இங்கே என் மாமா வருகிறார். அந்த ஏழு ஆஸ்பத்திரி ஆர்டரில் ஒரு கையெழுத்து பாக்கி. அந்தக் கையெழுத்துப் போடுகிறவரின் சம்பந்தி யார் என்று என் மாமாவுக்குத் தெரியும். என் அம்மா ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே அவரிடம், "பையன் இன்னும் எத்தினி நாளைக்கு இப்பிடியே இருப்பான்?" என்று கேட்டார். அவ்வளவுதான். திங்கட்கிழமையே மாமா எனக்குப் போன் செய்து, "பேசிட்டன்டா" என்றார். நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாலு நாள் அந்த விஷயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு, அக்காவோடு பேக்கரிக்குப் போய் டீ குடித்தேன்.

வெள்ளிக்கிழமை ஸ்வீட்டும் மிக்சரும் வைத்தார்கள். அக்கா புதுப் புடவையில் வந்திருந்தார். முதலாளி என் பெயரைச் சொன்னார். "தம்பிக்கும் பொறுப்பு வரணும் இல்ல?" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அக்காவும் தட்டினார். மிக்சர் பேப்பர் தட்டைக் காலி செய்து, குப்பைக்கூடையில் போட்டு, கையைக் கழுவிவிட்டு வந்தார். முதலாளியிடம் போய், வேலையை விடுவதாகச் சொன்னார்.

"இன்னாம்மா இது, திடீர்னு?"

"திடீர்னு இல்ல சார். மூணு ஆச்சு."

"இன்னா மூணு?" முதலாளி என்னைப் பார்த்தார். நான் என் தட்டில் இருந்த மிக்சரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்போதும் எழுந்து, எனக்கு இது வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பைக் நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்தேன். "நான் கேக்கலக்கா. சத்தியமா கேக்கல."

"தெரியும் தம்பி" என்றார். ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். "வேணாம்னும் சொல்லல இல்ல?" அதில் கோபம் இல்லை. நோட்டில் எழுதியதைப் படித்தால் எப்படி இருக்கும், அந்தக் குரல். ஸ்கூட்டர் போய்விட்டது.

இப்போது நான்தான் அங்கே லீட். ஏசிக்கு நேர் எதிரே இடம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முதலாளி வந்து, பெரிய பார்ட்டி ஒன்று கேட்கிறது, அந்த மூன்றைக் கொஞ்சம் பத்தாக்கிவிடு என்பார். "அதத் தொட்டா பெட்டியே நின்னுடும் சார்" என்று வாய் கூசாமல் பொய் சொல்கிறேன். நம்பிவிடுகிறார். அந்தப் பதவியில் உட்கார்ந்து நான் செய்த உருப்படியான காரியம் அந்தப் பொய் ஒன்றுதான்.

கரிக்கலாம்பாக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மிளகாய்த் தூள் அரைக்க மில்லுக்குப் போயிருந்தேன். மில்லில் ஆட்களுக்குப் பதிலாக டப்பாக்கள்தான் வரிசையில் நிற்கும். நாலு டப்பாவுக்குப் பின்னால் என்னுடையதை வைத்துவிட்டு நின்றேன். மெஷின் சத்தத்தில் ஸ்கூட்டர் வந்தது கேட்கவில்லை.

"கடைசி யாரு?"

திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. தலை கொஞ்சம் நரைத்திருந்தது. கையில் மல்லி டப்பா. வேறொரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே எழுதுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் கையைத் தூக்கினேன்.

"நான்தாங்க்கா."

என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததும் சிரித்தார். முதல் நாள் சிரித்த அதே சிரிப்பு. குனிந்து என் டப்பாவை எடுத்து, அவருக்கு இடம் விட்டுப் பின்னால் வைத்தேன்.

"நீங்க முன்னாடி போங்கக்கா."

அக்கா என் டப்பாவைத் தூக்கி, அது முதலில் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். தன்னுடையதை அதற்குப் பின்னால் வைத்தார்.

"இங்க நீதான தம்பி மொதல்ல வந்த. நில்லு."